பாலையும் ராகியையும் நிறுத்தினால் அம்மாவின் அக்கி வலி நிற்குமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தோட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 63 வயது. சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பெயர்தான். அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளின் தோட்டத்தில் இன்னும் நாள்கூலிக்குப் பறிக்கிறார், அல்லது எட்டு மாதம் முன்பு வரை பறித்தார். அப்போதுதான் வலது பக்க முதுகிலிருந்து மார்புக்குக் கீழ் வரை பட்டையாக அக்கி போட்டது. மேட்டுப்பாளையம் இறங்கி, காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. ஸ்வெட்டர் பட்டால் தீப்பட்டது போல இருக்கிறதாம். மலையில் மார்கழிக் குளிரில் ஸ்வெட்டர் போட முடியாமல், சேலையை ஒரு கையால் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

ஊட்டியில் பார்த்த மருத்துவர் பிரிகாபலின் 75 மி.கி. இரவுக்கு ஒன்று எழுதிக்கொடுத்து, "தண்டுவடத்தில் கால்சியம் உள்ளே போகிற வழியைக் குறைக்கிற மாத்திரை" என்று சொன்னாராம். கோவையில் வேலை பார்க்கும் நம் வாசகி அதற்கு மேல் இணையத்தில் தேடிப் படித்திருக்கிறார். தண்டுவடச் செல்களுக்குள் கால்சியம் ஏறுவதுதான் நாள்பட்ட வலிக்குக் காரணம் என்று கண்ணில் பட்டிருக்கிறது. உடனே அம்மாவுக்குப் பாலை நிறுத்தினார், ராகிக் களியை நிறுத்தினார், எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் நிறுத்தினார். அம்மா சாப்பிடும் பிபி மாத்திரை அம்லோடிபின். அதுவும் "கால்சியம் சேனல்" மருந்து என்று தெரிந்ததும், ஒரே மருந்தை இரண்டு பேரில் கொடுக்கிறார்களோ என்று பயந்து அதையும் நிறுத்திவிட்டார். பிரிகாபலின் தலைசுற்றல் கொடுத்ததால் பன்னிரண்டாம் நாள் அதுவும் நின்றது. இதற்கு நடுவில் அண்ணன், "புண்ணு ஆறி அரை வருஷம் ஆச்சு, இன்னும் வலின்னா எல்லாம் மனசுலதான்" என்று சொல்ல, அம்மா அன்றிலிருந்து வலி என்று வாயே திறப்பதில்லை.

அவருடைய கேள்விகள்: கால்சியத்தை நிறுத்தியது சரியா? மாத்திரை பழகிவிடுமா? எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா? நத்தை விஷத்தில் செய்த ஊசி ஒன்று இருக்கிறதாமே, அது கிடைக்குமா? அம்மா மறுபடியும் கூடை தூக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான ஒன்று. இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போடுங்கள். பிபி மாத்திரையை அவர் நிறுத்தியிருக்கக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமோ பிபி பார்த்துவிட்டு, இத்தனை நாள் விட்டுப்போனதைச் சொல்லி, மருத்துவர் சொன்னபடி மறுபடி தொடங்கட்டும். பாலும் ராகியும் இன்றைக்கே திரும்பி வரலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பிரிகாபலினை மட்டும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "கால்சியம் வழியைக் குறைக்கிற மாத்திரை" என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டால், கேட்டவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? கால்சியம் கூடாது என்றுதான். அந்தக் குழப்பத்தில் பாதிப் பங்கு எங்கள் தொழிலுக்கு உண்டு.

எலும்பில் இருப்பது வேறு, செய்தி சொல்வது வேறு

உடம்பிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் கெட்டியாக இருக்கிறது. மிச்சம் ஒரு பங்கு ரத்தத்திலும், செல்களைச் சுற்றியும், செல்களுக்குள்ளும் கரைந்திருக்கிறது. அந்த ஒரு பங்குதான் உடம்பு முழுக்கச் செய்தி கொண்டுபோகிற ஆள். 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்தால் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை கரைசலைச் சுத்தமான காய்ச்சி வடித்த நீரில் செய்தபோது துடிப்பு நின்றுவிட்டது. முன்பெல்லாம் அவருடைய உதவியாளர் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தது. இதயத்துக்கு 'துடி' என்று சொன்னது அந்தக் கால்சியம்தான்.

நரம்புச் செல்லுக்குள் சாதாரணமாக இருக்கும் கால்சியம் மிகமிகக் குறைவு. செல்லுக்கு வெளியே அதைப்போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு இருக்கிறது. செல் பெரும்பாடுபட்டு உள்ளே வருவதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதைச் செய்தியாகப் பயன்படுத்த முடிகிறது. கால்சியம் நுழைகிற வாசல் ('சேனல்' என்று நீங்கள் படித்தது இதைத்தான்) ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தாலும் போதும், உள்ளே கால்சியம் சட்டென்று ஏறிவிடும், செல் விழித்துக்கொள்ளும்.

உங்களுக்குத் தோட்டத்துச் சங்கு நினைவிருக்கும். காலையில் வேலைக்கு, மதியம் இலை நிறுக்க, சாயங்காலம் வீட்டுக்கு என்று ஊதும். சங்கு ஊதுவதற்குக் காற்று வேண்டும். ஆனால் ஏதோ கோளாறில் சங்கு ராத்திரி பகல் ஓயாமல் ஊதினால் சங்கைத்தான் போய்ப் பார்ப்போம். ஊரில் காற்றே இல்லாமல் செய்யலாம் என்று யாரும் கிளம்ப மாட்டோம். பாலையும் ராகியையும் நிறுத்தியது அந்த வேலைதான்.

காற்றைக் குறைக்கவும் முடியாது என்பது இன்னொரு விஷயம். ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி. வரை என்ற குறுகலான வரம்புக்குள் நிற்கும்படி உடம்பு பார்த்துக்கொள்கிறது. சாப்பாட்டில் வரவில்லையென்றால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். அதாவது அம்மாவின் தண்டுவடத்துக்கு ஒன்றும் குறையவில்லை. ஏற்கெனவே தேய்ந்த இடுப்பெலும்பும் முதுகெலும்பும்தான் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியும் ஒருவேளை ரத்தத்தில் கால்சியம் உண்மையிலேயே குறைந்தால் நரம்புகள் அடங்காது, இன்னும் துள்ளும். விரல் மரத்து, கை கோணிக்கொண்டு, தசை இழுக்கும். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. அந்தக் களியை நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அம்மாவின் தண்டுவடத்தில் என்ன நடக்கிறது

அக்கி என்பது புதிதாக வந்த நோய் அல்ல. சின்ன வயதில் அம்மாவுக்குச் சின்னம்மை போட்டிருக்கும். அந்தக் கிருமி போகவே இல்லை. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சு ஒன்றில் ஐம்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் எழுந்து, அந்த ஒரு நரம்பு வழியே தோலுக்கு இறங்கியது. அதனால்தான் பட்டையாக, ஒரே பக்கமாக வந்தது. இறங்கும் வழியில் நரம்பை எரித்துவிட்டுப் போயிருக்கிறது. கொப்புளம் வந்து மூன்று மாதத்துக்கு மேலும் வலி நின்றால் அதை அக்கிக்குப் பின்வரும் நரம்பு வலி என்கிறோம். அம்மாவுக்கு எட்டு மாதம்.

எரிந்த நரம்பு கண்டபடி செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி தண்டுவடத்தின் பின்பகுதியில் அடுத்த செல்லுக்கு மாறுகிறது. மாறுகிற இடத்தில்தான் கால்சியம் வருகிறது. வலி நரம்பின் முனையில் துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. உள்ளே ஏறிய கால்சியம், குளூட்டமேட் போன்ற ரசாயனங்கள் நிரம்பிய சின்னஞ்சிறு பைகளை உடைத்துவிடுகிறது. அவை இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லை எழுப்புகின்றன. இதுவரைக்கும் சாதாரணம், கையில் முள் குத்தினாலும் இதேதான் நடக்கிறது.

அடுத்த செல்லிலும் ஒரு கால்சியம் வாசல் இருக்கிறது. அதற்கு மெக்னீசியம் ஒன்று தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு தட்டுக்கு அந்தத் தக்கை அசையாது. எரிந்த நரம்பு வாரக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும்போது தக்கை பிடுங்கிக்கொள்கிறது, கால்சியம் உள்ளே கொட்டுகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நொதிகளைக் கிளப்பிவிட, அவை அந்தச் செல்லையே திருத்தி அமைக்கின்றன: வாசல்கள் கூடுகின்றன, சின்னச் சத்தத்துக்கும் எழுந்துகொள்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அம்மா தூங்குவாளே, அந்த மாதிரி. சேலை உரசுவது, காற்று படுவது எல்லாம் தொடு உணர்வு. வேறு நரம்பில் வரும் செய்தி. அதையும் இந்தச் செல் வலி என்று மேலே அனுப்பிவிடுகிறது. பக்கத்தில் நரம்புச் செல்களைப் பராமரிக்கும் துணைச் செல்களும் உண்டு. கால்சியத்தை அலையலையாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தி, நரம்புச் செல்களை இன்னும் தூங்கவிடாமல் வைத்திருப்பதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

காயத்துக்குப் பிறகு தண்டுவடமே கூர்மையாகிவிடுகிறது என்று 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். அதற்கு முன்பு வரை, புண் ஆறியும் வலிக்கிறது என்று சொன்னவர்களை மருத்துவர்களே அவ்வளவாக நம்பியதில்லை. உங்கள் அண்ணன் சொன்னதை ஒரு காலத்தில் எங்கள் ஆட்களும் சொன்னார்கள். இப்போது எலியின் தண்டுவடச் செல்களில் ஒரு புரதத்தை வைத்துவிடுகிறார்கள். கால்சியம் ஏறும்போது அது பச்சையாக ஒளிரும். ஜெல்லி மீனிலிருந்து வந்த அந்த ஒளிரும் புரதத்துக்காக 2008இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. நரம்பு காயப்பட்ட எலியின் பாதத்தை லேசாக வருடினாலும் வலிச் செல்கள் மினுக் மினுக்கென்று எரிவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நீங்கள் இணையத்தில் படித்தது இந்த வகை ஆராய்ச்சியாகத்தான் இருக்கும். அண்ணனிடம் சொல்லுங்கள், ஆறியது தோல். உள்ளே இன்னும் ஆறவில்லை.

என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கும் இதே இடத்தில் இதே வலி. பஞ்சை நூலாகத் திரித்து முதுகில் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் ஒன்றுமில்லை, அடுத்த விரற்கடையில் துள்ளினார். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நீல பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிக் கோடு போட்டேன். நடுவில் ஓர் இடத்தில் ஊசி நுனி வைத்தாலும் தெரியவில்லை, மரத்துப்போயிருந்தது. பாட்டி திரும்பிப் பார்த்து, "என்ன டாக்டரு, நீங்களும் அக்கி எழுதுறீங்களா?" என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் அந்தக் கோட்டை அவருடைய மகன் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் 'மனசு' என்று பேசவில்லை. உங்கள் மருத்துவரிடம் ஒரு முறை இப்படிக் கோடு போடச் சொல்லுங்கள், அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்கி எழுதியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காவி பூசுவதால் பெரிய கெடுதல் இல்லை, குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் மேட்டுப்பாளையம் போய்வந்த அந்த இரண்டு மூன்று நாள்தான் மருந்துக்கான நாள். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் கிருமி எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். போனது போகட்டும். வீட்டில் வேறு யாருக்காவது வந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அப்புறம் வேண்டுமானால் அக்கியும் எழுதிக்கொள்ளுங்கள். நெற்றியிலோ கண் பக்கத்திலோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும்; பார்வை போய்விடக்கூடும்.

இரண்டும் ஒரே மாத்திரையா?

இல்லை. கால்சியம் வாசல்களில் பல வகை உண்டு. அம்லோடிபின் அடைப்பது ரத்தக்குழாய்ச் சுவரின் தசையில் உள்ள வாசலை. குழாய் தளர்ந்து பிபி இறங்குகிறது. தண்டுவட வலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பிரிகாபலின் வாசலை அடைப்பதே இல்லை. ஆல்பா-2-டெல்டா என்று ஒரு புரதம் இருக்கிறது. புதிதாகச் செய்த வாசல்களை நரம்பு முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அது துணை. நரம்பு காயப்பட்டால் அந்தப் புரதம் பெருகுகிறது, முனையில் வாசல்களும் பெருகுகின்றன. பிரிகாபலினும் அதன் அண்ணன் காபாபென்டினும் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாசல்கள் வந்து சேர்வது குறைகிறது. இது ஒரே ராத்திரியில் முடிகிற காரியமா? சரியான அளவை எட்டியபின் சில வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாளில், அதுவும் தொடக்க அளவில், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

இரண்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாம். ஒரே ஒரு கவனம்: இரண்டுக்குமே கால் வீங்கவைக்கும் குணம் உண்டு. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள்; விழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அக்கி வலிக்குக் காபாபென்டினைப் போதிய அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டியதில், வலி பாதியாகவாவது குறைந்தவர்கள் நூறு பேரில் 32 பேர். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 பேர். பிரிகாபலின் அதே குடும்பம். அதனிடமும் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். கேட்காவிட்டால் வேறு மருந்துக்கு மாற வேண்டும், அவ்வளவுதான்.

தலைசுற்றலும் படிக்கட்டும்

இந்த மருந்தில் எனக்குள்ள பெரிய பயம் கால்சியம் அல்ல, உங்கள் வீட்டுப் படிதான். மலையில் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே நாற்பது ஐம்பது படி இருப்பது சாதாரணம்; கழிவறையும் வெளியே இருக்கும். மூடுபனியில் ஈரமாகக் கிடக்கும் படி, தேய்ந்த எலும்பு, தலைசுற்றல். இந்த மூன்றும் ஒரு விடியற்காலையில் சேர்ந்தால் இடுப்பு உடைந்துவிடும். அதனால் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். 25 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றலாமா? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா? (இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.) சளி மருந்தோ தூக்க மாத்திரையோ வேறு வலி மாத்திரையோ கூடச் சாப்பிட்டால் மயக்கம் கூடுமா? கூடும் என்பதுதான் பதில். குறிப்பாக அபின் வகை வலி மாத்திரைகளோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்தும். நான் முன்பு சொன்ன காரணம் இதுதான். மீதமிருக்கும் பட்டையை எடுத்து நீங்களாகத் தொடங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது.

ராத்திரி மாத்திரை போட்ட பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் டார்ச் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் வெளிக் கழிவறைக்குத் தனியாகப் போக வேண்டாம்.

பழகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். சொன்ன அளவில் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுபவருக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் அளவு மீறிச் சாப்பிட்டு அடிமையானவர்கள் இருக்கிறார்கள், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். உடம்பு பழகுவது வேறு. நாள்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, படபடப்பு, வியர்வை, குமட்டல் வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பும் வரலாம். நிறுத்துவதென்றால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக இறக்க வேண்டும். அம்மாவுக்கு நிறுத்திய இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதனாலாகவும் இருக்கலாம். மாத்திரை தொடங்கியபின் மனம் சோர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வலியும் அப்படிப் பேசவைக்கும், அபூர்வமாக மருந்தும் பேசவைக்கும்.

வேறு வழிகள்

பிரிகாபலின் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. ராத்திரிக்கு என்று தொடங்கலாம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து என்று அட்டையில் பார்த்துவிட்டு அண்ணன் மறுபடி ஆரம்பிப்பார். இந்தச் சின்ன அளவில் அது நரம்பு வலிக்கான மருந்து. இதயத் துடிப்புக் கோளாறு, கண் நீர் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருப்பவர்களுக்கு ஆகாது. லிடோகெயின் ஒட்டுப்பட்டை நல்ல பொருள்: 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். தலை சுற்றாது, மற்ற மாத்திரைகளோடு பெரும்பாலும் மோதாது. விலைதான் உதைக்கும். மிளகாய்க் காரமான கேப்சைசின் களிம்பும் உண்டு. வலி நரம்பின் முனைக்குள் கால்சியத்தை அளவுக்கு மீறிக் கொட்டவைத்து அந்த முனையையே களைக்க வைப்பது அதன் வேலை. பாருங்கள், இங்கே கால்சியம் ஏறுவதுதான் மருந்து. முதல் சில நாள் எரிச்சல் பொறுக்க முடியாது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் வற்புறுத்துவதில்லை. வீட்டு மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

நீலகிரித் தைலம் தேய்க்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். மூட்டு வலிக்குத் தேயுங்கள். இந்தப் பட்டையில் வேண்டாம், எரிச்சல்தான் கூடும். கும்மட்டி அடுப்பில் குளிர் காய்வதிலும் வெந்நீர்ப் பையிலும் கவனம். நடுவே மரத்த இடம் இருந்தால் சுட்டுப் பொத்துப்போகும் வரை தெரியாது.

நத்தை விஷ ஊசி உண்மைதான். கடல் கூம்பு நத்தை ஒன்றின் விஷத்திலுள்ள ஒரு பொருளைப் பார்த்துச் செய்த ஜிகோனோடைட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. நரம்பு முனையிலுள்ள கால்சியம் வாசலை அது நேராகவே அடைக்கிறது. ஆனால் வயிற்றுத் தோலுக்கு அடியில் பம்ப் வைத்து, குழாய் வழியாகத் தண்டுவட நீருக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மனக் குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது போன்ற பக்க விளைவுகள் உண்டு. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு வைத்திருக்கிற கடைசி ஆயுதம் அது. ஒரு மாத்திரையையே ஒழுங்காக முயன்று பார்க்காத உங்கள் அம்மாவுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

எம்ஆர்ஐயும் இப்போது தேவையில்லை. கொப்புளம் வந்த பட்டையிலேயே வலி இருந்தால் கண்ணால் பார்த்தும் பஞ்சால் தொட்டும் சொல்லிவிடலாம்; செல்களுக்குள் கால்சியம் ஏறுவது எந்த ஆஸ்பத்திரி ஸ்கேனிலும் தெரியாது. காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது இவற்றில் ஒன்று இருந்தால் கதை வேறு, உடனே பார்க்க வேண்டும். நடந்தால் கூடுகிற நெஞ்சு அழுத்தமோ, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலியோ வந்தால், இதுவும் அக்கி வலிதான் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அந்த ஸ்கேன் பணம் கையில் இருந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதம் ஒரு முறை அம்மாவைக் கூட்டிப்போய்வர வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக எந்த மாத்திரை, எத்தனை நாளில் பலன் தெரியும், தெரியாவிட்டால் அடுத்து என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பலருக்கு இந்த வலி மாதங்கள் போகப்போகத் தானாகவும் தணிகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது. அம்மா எந்தப் பக்கம் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாகக் கூடை. அம்மாவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பேசிக்கொண்டே கொழுந்து பறிக்கிற நேரத்தில் வலி கொஞ்சம் மறந்திருக்கும், இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் கூடைப் பட்டை அந்த இடத்தில் உரசக் கூடாது. முதல் ஒரு மாதம் கூடை வேண்டாம். வீட்டுப் பக்கத்தில் சமதரையில், இடுப்பில் கட்டிய துணிப் பையில் இடது பக்கமாகத் தொங்கவிட்டு அரை மணி நேரம் பறிக்கட்டும். மாத்திரை மயக்கம் இல்லாத நாளில் மட்டும். கொழுந்து வெட்டும் கத்தரியை இப்போது கையில் எடுக்க வேண்டாம், அந்த அதிர்வு விலாவுக்குப் போகும். ஸ்வெட்டருக்கு ஒரு வழி இருக்கிறது: தொளதொளவென்று உரசுகிற துணிதான் அதிகம் வலிக்கும், உடம்போடு ஒட்டி அசையாமல் இருக்கும் துணி அவ்வளவாக வலிக்காது. பழைய பட்டுச் சேலையிலோ வழுவழுப்பான பனியன் துணியிலோ இறுக்கமாக ஒரு உள்சட்டை தைத்து, தையல் வெளிப்பக்கம் வரும்படி போட்டுவிட்டு, அதன் மேல் ஸ்வெட்டர் போடச் சொல்லுங்கள். உறைபனி விழுகிற மாதம் இன்னும் முடியவில்லை.